மழைக்கு நடுவே வடக்கே ஒரு பயணம்

கோலாலம்பூரிலிருந்து தைப்பிங் 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சாதாரண நாளில் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். தீபாவளிக்கு முந்திய நாள்களில் ஐந்தாகும், ஆறாகும். மாலை நிகழ்ச்சியில் போக்குவரத்துத் தகவல் வாசிக்கும்போது 'தஞ்சோங் மாலிமிலிருந்து சிலிம் ரிவர் வரை நெரிசல்' என்று எத்தனை முறை சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை. அடுத்த வரி பெரும்பாலும் 'கனத்த மழை'யாகவே இருக்கும்.

நம் நாட்டில் பருவகாலம் ஏது, வருஷம் முழுக்க ஒரே வெயிலும் மழையும்தானே என்று நேயர்கள் கேட்பதுண்டு. இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையை வாட்டும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. ஓரளவு வறண்ட காலம். இரண்டுக்கும் நடுவே ஏப்ரலிலும் அக்டோபரிலும் பிற்பகலானால் இடியோடு கொட்டும் மழை மேற்குக் கரைக்குச் சொந்தம். தீபாவளி வருவதோ அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையில். நாம் பிள்ளைகளையும் முறுக்கு டின்களையும் ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பும் நேரம், அந்தச் சாலையில் நீர் தேங்கும் நேரமும்கூட.

ஆனால் பண்டிகைக்கு முன் காருக்கு நாம் செய்வது என்ன? கழுவி மெழுகு பூசுகிறோம். ஃபோர்மேனிடம் விட்டு எஞ்சின் எண்ணெய் மாற்றுகிறோம். எண்ணெய் அவசியம்தான், மறுக்கவில்லை. மழையில் காரைச் சாலையோடு பிடித்து வைப்பது அது அல்ல, டயர்.

தாப்பாவைத் தாண்டி கோப்பெங் வரை வலப்பக்கம் மலைகள் கூடவே வரும். மேகம் இறங்கினால் சில நிமிடங்களில் சாலை வெள்ளையாகிவிடும். முன்னால் போகும் லாரி தூவும் நீரில் அதன் பின்விளக்கு மட்டும்தான் தெரியும். டயரின் பள்ளங்கள் ஆழமாக இருந்தால் நீரை ஒதுக்கித் தள்ளும். தேய்ந்திருந்தால் டயர் நீரின் மேல் மிதக்கும். அந்த விநாடியில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை அழுத்தினாலும் கார் கேட்காது. சட்டப்படி பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் மழைக்கு அது போதாது. 3 மில்லிமீட்டருக்கு வரும்போதே மாற்றிவிடலாம். பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் இருக்கும். டயர் அவற்றின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் கதை முடிந்தது.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண்களையும் தேடிப் பாருங்கள். 3222 என்றால் 2022ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் தயாரானது. அதிகம் ஓடாத காரிலும் ரப்பருக்கு வயதாகும். காற்றைக் கிளம்பும் முன்பே, டயர் சூடேறாதபோது அளக்க வேண்டும். பாதி வழியில் ஓய்வு நிலையத்தில் நிறுத்தி அளந்தால், ஓடிச் சூடான டயர் கூடுதல் அளவையே காட்டும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும். அதைப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேரோ!

வைப்பர் ரப்பரை நம் வெயில்தான் கெடுக்கிறது. மழையில் தேய்வதைவிட, வெயிலில் நிறுத்திய காரில் அது காய்ந்து கெட்டியாவதே அதிகம். கண்ணாடியில் நீர் தெளித்து ஓட்டிப் பாருங்கள். கோடு விழுந்தால் மாற்றிவிடுங்கள். பெரிய செலவில்லை.

ஈப்போவைக் கடந்து ஜெலாப்பாங்கிலிருந்து சாலை ஏறும். கிளேடாங் மலைத்தொடரைத் துளைத்துச் செல்லும் மெனோரா சுரங்கப்பாதை, இந்தப் பயணத்தில் பிள்ளைகள் விழித்திருந்து பார்க்கும் ஓரிடம். போகும்போது ஏற்றம், பண்டிகை முடிந்து திரும்பும்போது அதே இடம் நீண்ட இறக்கம். அடிவாரத்தில் ஒரு காலத்தில் டோல் சாவடி இருந்தது. பிரேக் பிடிக்காமல் இறங்கிய கனரக வாகனங்களால் அங்கே விபத்துகள் நேர்ந்தன. 2008இல் அது எடுக்கப்பட்டது.

லாரிக்கு மட்டும்தான் அந்த ஆபத்து என்று நினைக்க வேண்டாம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நம் ஊர் ஈரப்பதத்தைச் சொல்லவா வேண்டும்? ஈரம் ஏறிய எண்ணெய் சீக்கிரம் கொதிக்கும். இறக்கம் முழுக்கப் பிரேக்கில் கால் வைத்தே வந்தால், எண்ணெயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகி மிதி மெத்தென்று உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றச் சொல்லிக் கேளுங்கள்; கேட்காவிட்டால் பல பட்டறைகளில் தொடவே மாட்டார்கள். ஆட்டோ கியர் காரிலும் கியரைக் குறைத்து இறங்கலாம். அந்த எழுத்துகள் அலங்காரத்துக்கு இல்லை.

இன்னொன்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மழையில் நான்கு சிக்னல் விளக்குகளையும் சிமிட்டவிட்டு ஓட்டாதீர்கள். நீங்கள் நிற்கிறீர்களா, தடம் மாறுகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. முன்விளக்கைப் போட்டு வேகத்தைக் குறைத்தாலே போதும். மேம்பாலங்களுக்குக் கீழே மோட்டார் சைக்கிள்காரர்கள் மழைக்கு ஒதுங்கி நிற்பார்கள். அந்த ஓரத்தை விட்டு விலகியே செல்லுங்கள்.

கோலகங்சாரைத் தாண்டி இன்னொரு மலை ஏறி இறங்கினால் தைப்பிங். தீபகற்பத்திலேயே அதிக மழை பெறும் ஊர். பக்கத்திலுள்ள புக்கிட் லாரூட் மலை மேகத்தைத் தடுத்து நிறுத்தி, ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டரைக் கொட்டவைக்கிறது. இன்று மழை வருமா வராதா என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். ஈயம் தோண்டிய பள்ளங்களில் உருவான ஏரிப் பூங்காவில், தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளைகளை நீட்டி நீரைத் தொடுகின்றன. மழை விட்ட மாலையில் அங்கே நடப்பதற்காகவே இத்தனை தூரம் வரலாம்.

அந்த மரங்களுக்கு அடியில் காரை நிறுத்தினால், கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே நீர் வடியும் துளைகளில் அந்தச் சின்ன இலைகள் போய் அடைத்துக்கொள்ளும். கையாலேயே அள்ளி எடுத்துவிடலாம். அடைப்பு இருந்தால், அடுத்த மழையில் முன் இருக்கைக்காரரின் கால் நனையும்.