தலையெழுத்துக்கு எத்தனை மதிப்பெண்?

கஷ்டம் வந்தால் ஒருவர் எப்படித் தாங்குவார் என்பதை அவர் யோசிக்கிற விதத்தை வைத்தே அளந்துவிடலாம் என்று உளவியலில் பல கேள்வித்தாள்கள் உண்டு. 1966-இல் அமெரிக்கர் ஜூலியன் ராட்டர் வெளியிட்டது அவற்றில் பேர்போனது. மொத்தம் 29 ஜோடி வாக்கியங்கள். நடப்பதெல்லாம் அதிர்ஷ்டமா, நம் முயற்சியா என்ற ரகம். ஜோடிக்கு ஒன்றைத்தான் தொடலாம். 6 ஜோடி ஒப்புக்கு. மற்ற 23-க்குத்தான் மதிப்பெண். விதியின் பக்கம் சாயச்சாய மதிப்பெண் ஏறும். அப்படி ஏறியவர் நெருக்கடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார் என்று எதிர்பார்ப்பு.

திருச்சுழிப் பக்கம் மானாவாரி வெள்ளாமை பார்க்கும் பெரியப்பாவிடம் அந்த மாதிரி ஒரு கேள்வியைப் போட்டேன். “மழை என் கையிலயா இருக்கு? வெதைக்கிறதுதான் என் கையில. ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னா எதச் சொல்லப்பா?” என்றார்.

இங்கே மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் சோளத்தையும் பருத்தியையும் விதைப்பார்கள். வானம் ஏமாற்றினால் விதையும் போச்சு, உழவுக்கூலியும் போச்சு. அதற்காகத்தான் விதையை ஊறவைத்து, திரும்ப உலர்த்தி விதைப்பது. பருத்திக்கு ஊடே உளுந்து போடுவது. நாலு வெள்ளாடு வைத்திருப்பது. மழை பொய்த்தால் ஆடு விலைக்குப் போகும். சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். சிலர் அருப்புக்கோட்டைக்குத் தறிவேலைக்குப் போவார்கள். இத்தனையும் செய்துவிட்டு, “எல்லாம் அவன் விட்ட வழி” என்பார்கள். அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் பிராந்திக்கடையில் போய் உட்காருகிறவரும் உண்டு. ராட்டரின் தாளில் இருவருக்கும் ஒரே மதிப்பெண் விழக்கூடும்!

1984-இல் ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் எழுதிய புத்தகம் இந்த விஷயத்தில் நியாயமாகப் பேசுகிறது. சரிசெய்ய முடிவதைச் சரிசெய்யப் பார்ப்பதும், முடியாததற்கு மனசைத் தேற்றிக்கொள்வதும் ஒரே ஆள் சேர்ந்தே செய்கிற காரியம் என்கிறார்கள். நம் சம்சாரிகளுக்கு இது பொருந்துகிறது. மழை விஷயத்தில் விதியை நம்புவது அவர்களுடைய பலவீனம் இல்லை, சரியான கணிப்பு.

இன்னொன்றும் உண்டு. மன அழுத்தத்தை அளக்க உலகமெங்கும் பயன்படும் ஷெல்டன் கோஹனின் 1983-ஆம் வருஷத்து அளவுகோல், போன ஒரு மாதத்தைப் பற்றித்தான் கேட்கும். ஐப்பசியில் மழை தவறி, நகையும் அடகில் இருக்கும்போது வரும் பதில் வேறு. பருத்தி விற்ற பணம் கையில் இருக்கும்போது வரும் பதில் வேறு.

எனவே, இந்தப் பக்கம் தாளோடு வருகிற ஆய்வு மாணவர்களே, மழைக்கும் விதைப்புக்கும் கேள்வியைத் தனித்தனியாக வையுங்கள். ஐப்பசியில் ஒரு தடவை, அறுப்பு முடிந்து ஒரு தடவை வந்து கேளுங்கள்.