மான் தின்ற முல்லை

திருமலை டவுணில் ஒரு பூக்கன்று வைக்கிறதெண்டால் மண் பார்க்க வேணும், தண்ணி பார்க்க வேணும், காற்றுப் பார்க்க வேணும். இதெல்லாம் எந்த ஊரிலும் உள்ளதுதான். எங்கட ஊரில் கூடுதலாக மானும் பார்க்க வேணும். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளயும் அதைச் சுற்றியும் திரியிற புள்ளிமான்களோட வெளியூர் ஆட்கள் நின்று செல்பி எடுப்பினம். அதே மான்கள் சாமத்தில் ஒழுங்கைக்குள் இறங்கி, கொளுவ மறந்த கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து, 5 மாதமாகக் கைக்குழந்தை மாதிரி நான் வளர்த்த முல்லையை மேய்ஞ்சிட்டுப் போனதை ஒருத்தரும் படம் எடுக்கேல்லை.

காலமை எழும்பிப் பார்த்தால் நாலு விரல் உயரத்துக்கு ஒரு குச்சி நிற்குது. பக்கத்தில் மான் புழுக்கை. நான் அழாத குறை. அம்மா தேத்தண்ணிக் கோப்பையோட வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு. பூத்தால் மட்டும் யார் பறிக்கிறது?" எண்டா.

அந்தக் கேள்விக்கு ஒரு பழைய கதை இருக்கு.

எங்கட வீட்டில் முன்பு ஒரு முல்லைப் பந்தல் இருந்தது. அம்மம்மா வைச்சது. பின்னேரம் நாலரை போல அம்மா ஒரு சின்னச் சுளகோட போய் மொட்டுப் பறிப்பா. விரிஞ்ச பிறகு பறிச்சால் கட்ட வராது, இதழ் வாடிவிடும் என்று சொல்லுவா. வெள்ளிக்கிழமையில் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு ஒரு சரம், தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. 2020 தொடக்கத்தில் அப்பா செத்துப்போனார். 31ஆம் நாள் அந்தியேட்டி முடிஞ்சு சொந்தக்காரர் எல்லாரும் போன பிறகு அம்மா அந்தப் பந்தல் பக்கம் போகவே இல்லை. யாரும் வெட்டேல்லை. தண்ணி விடேல்லை, அவ்வளவுதான். அந்த வருசத்துக் கச்சான் காற்று மிச்சத்தைச் செய்தது. டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரையைக் கடந்தபோது, காய்ஞ்ச கொடியைத் தாங்கிக்கொண்டு நின்ற பந்தல் அப்படியே சரிஞ்சது. விடிய அதை இழுத்து ரோட்டோரம் போட்டதும் நானும் தம்பியும்தான்.

பூ வைக்கக் கூடாது என்று அம்மாவுக்கு யாராவது சொன்னவையா என்று கேட்டால், இல்லை. ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை பிடிச்சிருப்பன். தானாகவே வைக்காமல் விட்ட ஆளோட எப்பிடிச் சண்டை பிடிக்கிறது? கம்பஸில் முதலாம் வருசம் சங்க இலக்கியத்தில் கைம்மை பற்றி அசைன்மென்ட் எழுதினேன். நல்ல புள்ளி. வீட்டில் வந்து ஒரு வசனம் பேச வாய் வரேல்லை.

அந்த அசைன்மென்டுக்குப் படிச்சதில் ஒன்று மட்டும் மனசில் முள்ளுப் போலக் கிடந்தது. புறநானூற்றில் 242ஆவது பாட்டு. குடவாயிற் கீரத்தனார் பாடியது. ஒல்லையூர்ப் பெருஞ்சாத்தன் இறந்த பிறகு, அவனுடைய நாட்டில் இனி உன்னை யாருமே சூடப்போவதில்லையே, நீ ஏன் இன்னும் பூக்கிறாய் என்று முல்லையைப் பார்த்துக் கேட்கிற பாட்டு. வகுப்பில் எல்லாரும் உருகினவை. எனக்குக் கோபம்தான் வந்தது. முல்லைக்கு என்ன தெரியும்? வெயில் பட்டால் பூக்கும். சூடுறதா விடுறதா என்பது நாங்கள் போட்ட கணக்கு. அந்தக் கோபத்தில்தான், திரும்பவும் வீட்டில் ஒரு வாசக்கொடி வைக்கிறது என்று முடிவெடுத்தேன். அம்மாவைக் கேட்காமல்.

எதை வைக்கிறது என்பதில் எனக்கு ஒரு தந்திரம் இருந்தது. தலையில் வைக்காத பூவாகப் பார்த்து வைச்சால் அம்மாவுக்குச் சங்கடம் இருக்காது, வாசம் மட்டும் வீட்டுக்குள் வரும். அப்படி முதலில் யோசிச்சது ரங்கூன் மல்லிகை. நேர்சரிகளில் லேசாகக் கிடைக்கும். அதின்ர பூ பின்னேரம் வெள்ளையாக விரியும், அடுத்த நாள் ரோஸ், பிறகு கடுஞ்சிவப்பு. வெள்ளையாக இருக்கிற முதல் இரவில்தான் வாசம் தூக்கும். இரவில் பறக்கிற அந்துப்பூச்சிகளைக் கூப்பிடத்தான் அந்த வெள்ளையும் வாசமும். மல்லிகை, முல்லையும் இருட்டுப்படும்போது மணக்கிறது இதுக்காகத்தான். பகல் முழுக்க வேலைக்குப் போய்ப் பொழுதுபட வீட்டுக்கு வாற ஆட்கள் வாசக்கொடி வைக்கிறதெண்டால் இப்படி இரவில் பூக்கிறதாகப் பார்த்து வைக்கிறதுதான் புத்தி. ரங்கூன் மல்லிகையில் உள்ள கரைச்சல், அது வளர்ற வளர்த்தி. எங்கட ஓட்டுக் கூரையில் ஏறினால் ஓட்டைக் கிளப்பிவிடும்.

அடுத்தது மனோரஞ்சிதம். பூ முதல் இலை நிறத்திலயே இருக்கும், தேடித்தான் கண்டுபிடிக்க வேணும். மஞ்சளாகும்போது பழுத்த பழ வாசம். நினைச்ச பழத்தின் வாசம் வரும் என்று சொல்லுவினம், எனக்கு எப்ப மணந்தாலும் பலாப்பழம்தான். பூக்காம்பு கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும், அந்தக் கொக்கியாலதான் கொப்பைப் பிடிச்சு மேலே ஏறும். இதைப் பற்றிக் கதைச்ச உடனே பக்கத்து வீட்டு மாமி, "பிள்ளை, அந்த வாசத்துக்குப் பாம்பு வருமடி" எண்டா. பாம்பு பூ வாசத்துக்கு வாறதில்லை. ஆனால் மாமி சொன்னதில் பாதி சரி. அடர்ந்து தரையில் புரள்ற எந்தக் கொடிக்குள்ளும் எலி, தவளை, ஓணான் இருக்கும். அதைத் தேடிப் பாம்பு வரும். அடியில் ஒரு முழம் உயரத்துக்கு இலையைக் கழிச்சுத் துப்பரவாக வைச்சிருந்தால் பயமில்லை.

மூன்றாவது ஆசை கொஞ்சம் பேராசை. சம்பந்தர் கோணமாமலை மேல் பாடின பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கு. அதில் ஒரு பாட்டில் இந்த ஊர்ச் சோலையில் நிற்கிற மரஞ்செடி எட்டை வரிசையாகச் சொல்லுறார். வேங்கை, புன்னை, செருந்தி, செண்பகம், குருந்து எல்லாம் மரப்பக்கம். மௌவல், மாதவி, முல்லை மூன்றும் வாசக்கொடிப் பக்கம். அவர் இங்க வந்து பார்த்துப் பாடேல்லை, இராமேச்சரத்தில் நின்றுதான் பாடினார் என்று பெரியபுராணம் சொல்லுது. ஆகவே இதை ஊர்த் தாவரக் கணக்கெடுப்பாக எடுக்கேலாது. எண்டாலும் ஏழாம் நூற்றாண்டில் எங்கட ஊரின் பெயரோட சேர்ந்து வந்த மூன்று கொடியும் எங்கட வளவில் நிண்டால் எப்படி இருக்கும்! மௌவல் எது என்றதிலயே குழப்பம். காட்டுமல்லிகை என்று ஒரு உரை, மரமல்லி என்று இன்னொன்று. மாதவி என்றால் குருக்கத்தி. சிலப்பதிகாரத்து மாதவியின் பெயரும் இந்தக் கொடியின் பெயர்தான். ஓரம் சுருள் சுருளாகக் கிழிஞ்ச ஐந்து இதழ், ஒன்றில் மட்டும் மஞ்சள் பூச்சு. காய்க்கு மூன்று செட்டை, விழும்போது சுழன்று சுழன்று விழும். பார்க்க அழகு. ஆனால் தண்டு மரம் மாதிரித் தடிச்சு, ஏறின மரத்தையே அமுக்கிவிடும். மொரீஷியஸ் தீவிலும் ரீயூனியன் தீவிலும் இதை அழிக்கிறதுக்குப் பாடுபடினம். நாலு பேர்ச் வளவில் குருக்கத்தி வைக்கிறது யானை வளர்க்கிற மாதிரி.

படங்களை எல்லாம் போனில் காட்டிக்கொண்டிருந்தபோது அம்மா அரிசி புடைச்சபடியே, "வைக்கிறதெண்டால் முல்லையை வை. மற்றதெல்லாம் படத்துக்குத்தான்" எண்டா. எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடேல்லை. என்ர தந்திரம் முழுக்க அந்த இடத்தில் முடிஞ்சுது.

ஆனால் நான் முல்லை தேடிப் போய் வாங்கி வந்தது குண்டுமல்லிகை. நேர்சரியில் அதுதான் இருந்தது, அவையள் முல்லை என்று சொல்லித் தந்தினம், நானும் நம்பினேன். நிற்கிற நிலையே வேறு. குண்டுமல்லிகை பற்றையாகத்தான் நிற்கும், முல்லை தண்டாலேயே சுற்றிச் சுற்றி ஏறும். பெயர் மாறினது பரவாயில்லை. நான் அதை வைச்சது 2023 வைகாசியில். கச்சான் அடிக்கிற காலம், வானத்தில் ஒரு சொட்டு இல்லை. பைப்பில் வாற கந்தளாய்த் தண்ணியை வீணாக்கக் கூடாது என்று கிணற்றுத் தண்ணி ஊற்றினேன். கடலுக்குக் கிட்டக் கிணறு, அந்த மாதங்களில் உவர் ஏறும். இரண்டு கிழமையில் இலையின் ஓரம் நெருப்பு வைச்ச மாதிரிக் கருகிச்சு. தண்ணி போதாது என்று நினைச்சு இன்னும் ஊற்றினேன், அதாவது இன்னும் உப்பை ஊற்றினேன். ஆனியில் அது முடிஞ்சுது.

பிறகுதான் அம்மம்மாவின் சிநேகிதி ஒராள் உப்புவெளியில் இருக்கிறது ஞாபகம் வந்தது. எங்கட பழைய பந்தலில் இருந்துதான் அவ ஒரு காலத்தில் கன்று கொண்டுபோனவ. போய்ப் பார்த்தால் அந்த முல்லை அங்க கிணற்றடியில் நிற்குது. பாட்டி கன்று வெட்டித் தரேல்லை. அடியில் இருந்த ஒரு நீளத் தண்டை வளைச்சு, ஒரு கணுவில் மட்டும் தோலைக் கொஞ்சம் சுரண்டி, மண்ணுக்குள் புதைச்சு, மேலே ஒரு கல்லை வைச்சா. "தாயை விட்டு உடனே பிரிக்கக் கூடாது மோனை. வேர் வைக்கட்டும், பிறகு வா." பதியம் வைக்கிறது என்றால் இதுதான். மூன்று மாதம் கழிச்சு, ஐப்பசி மழை தொடங்க, தாய்க்கொடியில் இருந்து வெட்டிக் கொண்டுவந்தேன். ஓட்டோவில் மடியில் வைச்சபடி.

இந்த முறை அவசரப்படேல்லை. எங்கட மண் வெறும் கடல்மணல், ஊற்றுற தண்ணி நிற்காது. ஒன்றரை அடிக் குழி தோண்டி அடியில் பொச்சு மட்டையை நிரப்பினேன், அது தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும். மேலே மாட்டெரு, சருகு, கொஞ்சம் சிவப்பு மண். அரை நாளாவது வெயில் படுற இடம், ஆனால் கடற்காற்று நேரே அடிக்காமல் மதிலுக்கு உட்பக்கம். மாரி முழுக்க மழையே பார்த்துக்கொண்டது. மாசியில் ஆள் உயரம் வந்துட்டுது. இலை செழிப்பு, பூ ஒன்றும் இல்லை. வெட்டிவிட்டால்தான் பூக்கும், புதுத் துளிரில்தான் மொட்டு வரும் என்று யூரியூப்பிலும் சொன்னவை, உப்புவெளிப் பாட்டியும் சொன்னவ. எனக்கு மனம் வரேல்லை. அவ்வளவு பாடுபட்டு வளர்த்ததை எப்படி வெட்டுறது?

அந்தப் பங்குனியில்தான் மான் வந்தது.

குச்சியைப் பிடுங்கி எறியப் போன என்னைத் தம்பிதான் நிப்பாட்டினான். பக்கத்து வீட்டு மாமா பழைய மீன்வலை ஒன்று தந்தார். பாதியை மானுக்குக் கூண்டாகச் சுற்றிக் கட்டி, பாதியை மதிலோட சேர்த்துக் கொடி ஏறத் தொங்கவிட்டோம். நான் கம்பஸுக்குப் போய்விட்டேன். மூன்றாம் கிழமை தம்பி வட்சப்பில் படம் அனுப்பினான். அந்தக் குச்சியில் 7 துளிர். நான் செய்யப் பயந்த வேலையை மான் செய்துவிட்டுப் போயிருக்கு. கொஞ்சம் கூடுதலாகத்தான் செய்தது.

கச்சான் காலத்தில் அதுக்குத் தண்ணி ஊற்றினது யார் என்று நான் கேட்கேல்லை. தம்பி ஊற்றுற ஆள் இல்லை. அரிசி கழுவின தண்ணி ஊற்றின வெள்ளைத் தடம் மண்ணில் இருந்தது.

லீவுக்கு வந்தபோது முதல் மொட்டுகள் வந்திருந்தன. இரண்டு நாள் நான் பறிச்சுச் சாமிப்படத்துக்கும் அப்பாவின் படத்துக்கும் வைச்சேன். மூன்றாம் நாள் நித்திரையாகிப் போனேன், எழும்பும்போது ஆறு மணி. ஓடிப்போய்ப் பார்த்தால் கொடியில் ஒரு மொட்டும் இல்லை. குசினிக்குள் அந்தப் பழைய சுளகு கழுவிக் கவிழ்த்திருந்தது. சாமிப்படத்தில் ஒரு சரம், அப்பாவுக்கு ஒரு சரம், என்ர மேசையில் ஒரு சரம். அம்மாவின் தலையில் ஒன்றும் இல்லை. நான் ஒன்றும் கேட்கேல்லை.

இரவு நுளம்பு வலை கட்டப் போனபோது அம்மாவின் தலையணையைத் தூக்கினேன். அடியில் ஒரு பிடி முல்லை, கட்டாமல், உதிரியாக. திரும்ப அப்படியே வைச்சேன்.

விடிய அம்மா முற்றத்தில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தா. நான் பல் விளக்கிக்கொண்டு அவவுக்குப் பின்னால் போனேன். மணந்தது.