அப்பாவின் மோட்டாருக்கு வேறு எஞ்சின்

கோலாலம்பூரில் இடிஎஸ் ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ. சுண்ணாம்புக் குன்றுகள் தெரியத் தொடங்கியதும் ஊர் வந்துவிட்ட நிம்மதி எனக்கு வந்துவிடும். இந்த முறை வரவில்லை. அண்ணன் போனில் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

"தங்கச்சி, சித்தப்பாவோட இஎக்ஸ்5 தோட்டத்துல சும்மாதானே கெடக்கு? பையனுக்குப் பந்தய மோட்டார் ஒண்ணு செய்யணும். பாடி மட்டும் போதும். எஞ்சினை மாத்திடுவேன்."

அண்ணன் என் பெரியப்பா மகன். புந்தோங்கில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். அவர் சித்தப்பா என்றது என் அப்பாவை. பால்மரம் வெட்டிய அப்பா, தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு ஈப்போவில் ஒரு தொழிற்சாலைக்குக் காவல் வேலைக்குப் போனார். சுங்கை சிப்புட்டிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மழையோ வெயிலோ, அந்த இஎக்ஸ்5-இல்தான் போவார், வருவார். என் படிப்புச் செலவு அந்த மோட்டாரில்தான் வந்தது. அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மோட்டாரின் கெரான் என் பெயரில் இருக்கிறது. அதை விற்கவும் மனம் வரவில்லை, ஓட்டவும் ஆளில்லை.

பட்டறைக்குப் போனதும் மருமகனைப் பார்த்தேன். வயது 17. இடது தோளில் கட்டு.

"விழுந்துட்டேன், அத்தை" என்றான்.

"நடுராத்திரி ரோட்டுல ரேஸ் ஓட்டி விழுந்துட்டேன்னு சொல்லு" என்றார் அண்ணன். பிறகு என்னிடம் மெதுவாக, "ஓட்டாதேன்னு சொன்னா இவன் கேக்க மாட்டான். ஓட்டுறதுக்கு எடம் காட்டுனாத்தான் கேப்பான்" என்றார்.

கப்சாய் என்னும் குட்டி

நம் நாட்டில் இந்த வகை மோட்டாருக்குக் கப்சாய் என்று பெயர். ஹோண்டாவின் 'கப்' என்ற பெயரோடு, குட்டி என்று பொருள்படும் கண்டோனீஸ் சொல் ஒட்டிக்கொண்டது. ஜப்பானில் 1958-இல் வந்த சூப்பர் கப் குடும்பம் 2017-இல் பத்துக் கோடியைத் தாண்டியது. தோட்டத்துக்காரருக்கு அது வண்டி மட்டுமல்ல. அரிசி மூட்டை, பள்ளிப் பிள்ளைகள், கோயிலுக்கு வாழைத்தார் எல்லாம் அதில்தான் வரும்.

அதே கப்சாய்க்குப் பந்தயத் திடலும் உண்டு. 1994-இல் தொடங்கிய கப் பிரிக்ஸ் போட்டி பல இளைஞர்களுக்கு முதல் படி. 2018-இல் மோட்டோ ஜிபியில் ஓட்டிய முதல் மலேசியரான ஹஃபிஸ் ஷாரினும் அங்கிருந்து வந்தவர்தான். அண்ணனுக்கு அவ்வளவு பெரிய ஆசையில்லை. மகன் பந்தய உடை போட்டு, வேலி போட்ட திடலில், ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் ஓட்டட்டும். அவ்வளவுதான்.

இரண்டு போல்ட்டு, நூறு வேலை

மறுநாள் காலையில் அண்ணனின் லாரியில் சுங்கை சிப்புட் பக்கம் புறப்பட்டோம். டவுனைத் தாண்டிச் செம்மண் சாலையில் திரும்பியதும் இரு பக்கமும் செம்பனை. லயத்து வீடுகளில் பாதி இடிந்துவிட்டன. மாரியம்மன் கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு நிற்கிறது. இங்கிருந்து மேற்கே கோலகங்சாரில், 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகள் காலத்து மரம் ஒன்று இன்னும் இருக்கிறது. அந்தக் கன்றுகளுக்குப் பிறகு வந்த மரங்களை நம்பித்தான் நம் முன்னோர் கப்பலேறினார்கள். இன்று எங்கள் தோட்டத்தில் தேடினாலும் ஒரு பால்மரம் இல்லை.

பெரியம்மா வீட்டுத் தாழ்வாரத்தில் அப்பாவின் மோட்டார் கோணிச்சாக்குப் போர்த்திக் கிடந்தது. அண்ணன் சாக்கை நீக்கி, குனிந்து காட்டினார்.

"பாரு, எஞ்சின் பின்னால ரெண்டு நீள போல்ட்டுலதான் தொங்குது. வேவ் 125 எஞ்சினும் இப்படித்தான். சொந்தக்காரங்க மாதிரி. அதனாலதான் மாத்த முடியுது."

ஆனால் சொந்தக்காரர்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இஎக்ஸ்5 எஞ்சினின் குழாய் அகலம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 49.5. மொத்தம் 97 சிசி. வேவ் 125-இல் அகலம் 52.4, ஓட்டம் 57.9. கிட்டத்தட்ட 125 சிசி. பிஸ்டன் 8.4 மில்லிமீட்டர் கூடுதலாக ஓடுவதால் பிளாக் நீளமாகிறது. எஞ்சின் முன்பக்கமாகப் படுத்திருப்பதால் அதன் தலை முன்சக்கரத்தை நெருங்குகிறது. முன் ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது இடிக்காமல் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கோணினால் சங்கிலி பல்லைத் தின்றுவிடும், ஓட்டத்தில் கழன்றாலும் கழலும். கார்புரேட்டர், புகைக்குழாய், மின்கம்பி, சிடிஐ பெட்டி என்று எல்லாம் கூடவே மாறும்.

பெரியம்மா வெற்றிலை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்து நர்சரியில் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர். "அடிமரம் ஒண்ணு, கண்ணு வேற. நாங்க செஞ்ச வேலைதான்டா இது. பட்டையும் பட்டையும் சரியா ஒட்டலேன்னா கண்ணு கருகிப்போயிடும்" என்றார்.

நான் சரி என்று தலையாட்டியது அப்போதுதான்.

தேய்த்த எண்

பட்டறைக்குத் திரும்பிய மாலை, ஒருவர் வேவ் 125 எஞ்சின் ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். விலை பாதிக்கும் குறைவு. மருமகனின் முகம் மலர்ந்தது. அண்ணன் எஞ்சின் எண் பொறித்திருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவினார். வழவழவென்று இருந்தது.

"வேணாம், கொண்டு போங்க."

அவர் போன பிறகு மருமகன் முணுமுணுத்தான். "திடல்ல மட்டும்தானே ஓட்டப்போறேன். யாருப்பா நம்பரைப் பாக்கப்போறாங்க?"

"யாரோ ஒருத்தர் காலையில எழுந்து வேலைக்குப் போகணும்னு பாத்தப்போ காணாமப் போன மோட்டார்டா அது. உங்க சின்னத் தாத்தா மாதிரி ஒருத்தர்."

பையன் அதற்குப் பிறகு பேசவில்லை. நானும்தான்.

இரண்டு வாரம் கழித்து, விபத்தில் நெளிந்த வேவ் ஒன்றின் எஞ்சின் கெரானோடு கிடைத்தது. விலை கூடுதல்தான். பாதியை நான் கொடுத்தேன்.

அதைப் பூட்டும் முன் அண்ணன் செய்த முதல் வேலை பிரேக். இஎக்ஸ்5-இன் முன்சக்கரத்தில் இருப்பது டிரம் பிரேக். வேகம் கூடும் மோட்டாருக்கு அது போதாது என்று ஃபோர்க்கோடு சேர்த்து டிஸ்க் பிரேக்குக்கு மாற்றினார். எந்தப் பிரிவில் ஓட்டலாம், எத்தனை சிசி வரை அனுமதி என்று போட்டி விதியை மகனையே சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

"எஞ்சினை மட்டும் மாத்துறவன் மெக்கானிக் இல்ல. அது கொடுக்குற வேகத்தை நிறுத்தவும் வழி செய்யணும்" என்றார்.

இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாலையில் ஓடும் மோட்டாரின் எஞ்சினை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஜேபிஜே அனுமதி, வாகனச் சோதனை, கெரானில் புது எஞ்சின் எண் எல்லாம் வேண்டும். இல்லையென்றால் அபராதம் மட்டுமல்ல, விபத்தின்போது காப்புறுதியும் கைவிடலாம். எங்கள் மோட்டார் இனிச் சாலைக்கு வராது என்பதால் அதன் பதிவை ரத்து செய்தோம். லாரியில் ஏறித்தான் திடலுக்குப் போகும்.

தோள் ஆறிய பிறகு முதல் பயிற்சி நாளில் மருமகன் கடைசிக்கு முந்திய ஆளாக வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றியவன், "அத்தை, வளைவுல பிரேக் நல்லா புடிக்குது" என்றான். அண்ணன் எதுவும் சொல்லாமல் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார்.

அப்பாவின் பழைய எஞ்சின் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தோட்டத்துக் கோயில் பூசாரியிடமும் ஓர் இஎக்ஸ்5 உண்டு. எஞ்சின் புகை கக்கி ஓய்ந்துவிட்டது. ஒரே மாடல் என்பதால் போல்ட்டுக்குப் போல்ட்டு பொருந்தியது. முறைப்படி அனுமதி வாங்கி, என் கையெழுத்தோடு எண்ணையும் மாற்றியாகிவிட்டது.

போன மாதம் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தேன். விடியற்காலை ஐந்தரை மணி. செம்மண் சாலையில் அந்தச் சத்தம் ஏறி வந்தது. தூக்கக் கலக்கத்தில் அப்பா வேலை முடிந்து வருகிறார் என்றே எழுந்து உட்கார்ந்தேன். சத்தம் கோயில் வாசலில் நின்றது. கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது.