அண்ணன் சொன்ன பூ

பூப் பார்க்க ஜப்பானுக்குப் போகிறோம் என்று சொன்னதும் எங்கள் தெருவில் சிரிக்காதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர், காது கேளாத எதிர்வீட்டுத் தாத்தா. இன்னொருவர், எங்களிடம் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்ட சுற்றுலாக் கம்பெனிக்காரர்.

மற்றவர்கள் சிரித்ததிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நாங்கள் இருப்பது ஓசூர். இங்கே பூவுக்கா பஞ்சம்? ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் பசுமைக் குடில்கள். உள்ளே வரிசை வரிசையாக ரோஜா. பிப்ரவரி மாதம் காதலர் தினம் நெருங்கினால் ஓசூர் ரோஜா பெட்டி பெட்டியாக வெளிநாடு போகிறது. "பூவெல்லாம் இங்கேயிருந்து பிளேன் ஏறிப் போகுது, நீங்க பிளேன் ஏறிப் பூவைப் பார்க்கப் போறீங்களாக்கும்!" என்றாள் பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள்.

நாங்கள் என்றால் நானும் என் அண்ணியும். அண்ணிக்கு வயது 68, எனக்கு 61. அண்ணிக்கு ஜப்பான் ஆசை வந்ததற்குக் காரணம், காலமாகிவிட்ட என் அண்ணன்தான்.

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஓசூரின் ஜாதகமே மாறிவிட்டது அல்லவா? ஜப்பானின் சுஸுகியோடு கூட்டுச் சேர்ந்து 100 ஸி.ஸி. மோட்டார் சைக்கிள் இங்கே தயாராகி 1984-ல் வெளிவந்தது. அந்தக் கூட்டு 2001-ல் முடிந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு அது ஊரையே கலக்கிய விஷயம். அந்த வேலை கற்றுக்கொள்ள அண்ணன் 1983-ம் வருஷம் ஹமமாட்சு என்ற ஊருக்குப் போய் மூன்று மாதம் இருந்தார். வீட்டில் அண்ணி, இரண்டு கைக்குழந்தைகள், என் தாயார், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான்.

திரும்பி வந்த அண்ணன் அண்ணிக்கு ஒரு மடக்குக் குடை கொண்டுவந்தார். கூடவே மூட்டை மூட்டையாகக் கதைகளையும் கொண்டுவந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் பெட்டிக்குள் வரும்போதும் போகும்போதும் பிரயாணிகளைக் குனிந்து வணங்குவாராம். தெருவோரத்து இயந்திரத்தில் காசு போட்டால் சுடச்சுடக் காப்பி டப்பா வந்து விழுமாம். சித்திரை பிறக்கிற சமயத்தில் தொழிற்சாலை ஆட்கள் எல்லாரும் மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பிடுவார்களாம். மேலேயிருந்து பூ மழைபோலக் கொட்டி டிபன் டப்பாவையே மூடிவிடுமாம்.

"போதும், விடுங்க உங்க புளுகை!" என்பார் அண்ணி.

"பொய்யா சொல்றேன்? ஒரு நாள் உன்னைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டறேன் பார்!"

"முதல்ல லால்பாக்குக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. நாற்பது கிலோமீட்டர்தான்."

இந்தச் சம்பாஷணை எங்கள் வீட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தது. வீடு கட்டினார்கள், பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார்கள், பையனைப் படிக்க வைத்தார்கள். லால்பாக்குக்குப் போனார்கள். ஜப்பானுக்குப் போகவில்லை. அண்ணன் போன பிறகு அண்ணி அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. ஒரு நாள் சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் திடீரென்று, "அந்தப் பூவை ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா?" என்றார். என் கையிலிருந்த கீரைக் கட்டு அப்படியே நின்றுவிட்டது.

"ரெண்டு பேரும் தனியாவா?" என்று சென்னையிலிருந்து மருமான் அலறினான். தனியாக இல்லை, முப்பத்திரண்டு பேர் கொண்ட கூட்டத்தோடு, வழிகாட்டியோடு என்று தெரிந்த பிறகே அவன் மூச்சுவிட்டான்.

இப்படிக் கூட்டமாகப் போவதில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரு சங்கடமும் உண்டு. சௌகரியம், எதைப் பற்றியும் நாம் கவலைப்பட வேண்டாம். சங்கடம், எதைப் பற்றியும் நாம் முடிவு செய்யவும் முடியாது. ஆறு மணிக்கு எழுப்புவார்கள். ஏழு மணிக்குப் பலகாரம். எட்டு மணிக்குப் பஸ். சின்னக் கொடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வழிகாட்டிப் பெண் முன்னால் நடப்பாள். குஞ்சுகள்போல நாம் பின்னால் ஓட வேண்டும். கொடி உயர்ந்தால் புறப்பட வேண்டும்.

சகோதரிகளுக்கு ஒரு விஷயம். மரக்கறி உண்பவர்கள் அங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பார்ப்பதற்குக் காய்கறி ரசம்போல இருக்கும். ஆனால் அடிப்படைச் சாறு உலர்ந்த மீனில் இறக்கியதாக இருக்கும். நாங்கள் பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டுபோயிருந்தோம். மூன்றாம் நாள் முதல் பஸ்ஸில் எங்களுக்கு இருந்த மரியாதையைச் சொல்லி முடியாது!

பூவுக்கு வருகிறேன். ஜப்பானில் இந்தச் செர்ரிப் பூவுக்கு 'சகுரா' என்று பெயர். ஜனவரியில் தெற்குக் கோடியிலுள்ள ஒகினாவாவில் மலர ஆரம்பித்து, வடக்கே ஹொக்கைடோவை எட்ட மே மாதம் ஆகிவிடும். எந்த ஊரில் என்றைக்கு மலர்கிறது என்பதை வானிலை இலாகா அறிவிக்கிறது. டோக்கியோவுக்கு யசுகுனி ஆலயத்திலுள்ள ஒரு மரந்தான் அளவுகோல். உத்தியோகஸ்தர் வந்து அண்ணாந்து பார்ப்பார். ஐந்தாறு பூ மலர்ந்திருந்தால் 'சகுரா மலர்ந்துவிட்டது' என்று அறிவிப்பார். அன்றிலிருந்து சுமார் ஒரு வாரத்தில் மரம் முழுதும் பூத்துவிடும். அதன் பிறகு உதிர ஆரம்பிக்கும். அவ்வளவுதான் அதன் ஆயுசு.

ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் பூப்பதற்கும் காரணம் உண்டு. எங்கும் அதிகமாகக் காணப்படுவது 'சோமெய் யோஷினோ' என்ற ஒரு வகை. அதை விதை போட்டு வளர்ப்பதில்லை. கிளையை ஒட்டுக்கட்டித்தான் வளர்க்கிறார்கள். ஆகவே எல்லாம் ஒரே மரத்தின் நகல்கள். வழிகாட்டிப் பெண் இதைப் பெரிய அதிசயமாகச் சொன்னாள். அண்ணியோ, "நம்ம சந்தூர் ஒட்டு மாங்கன்னு மாதிரி" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். கிருஷ்ணகிரிப் பக்கத்து மனுஷிக்கு ஒட்டுக் கட்டுவதைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டுமா, என்ன?

2023-ல் டோக்கியோவில் மார்ச் 14-ம் தேதியே சகுரா மலர்ந்துவிட்டது. நாங்கள் போனது 2024-ல். மார்ச் 28-ம் தேதி உயேனோ பூங்காவில் போய் இறங்கினோம். புகழ்பெற்ற மரங்கள் வரிசையாக நின்றன. கிளை நிறைய மொட்டு. யசுகுனி மரத்தில் மலர்ந்த அறிவிப்பு மறுநாள், 29-ம் தேதிதான் வந்தது! கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து வெறும் பந்தலில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளிகளைப்போல நின்றோம். பெங்களூர்க்காரர் ஒருவர், "இதற்கா இத்தனை பணம்?" என்று வழிகாட்டிப் பெண்ணோடு சண்டைக்கே போய்விட்டார். நாலு மாதம் முன்னால் நாம் டிக்கெட் வாங்கிய செய்தி மரத்துக்கு எப்படித் தெரியும், பாவம்!

அண்ணி சண்டை போடவில்லை. மொட்டுகளையே சிறிது நேரம் பார்த்துவிட்டு ஒரு பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எதையாவது சொல்லிப் பேச்சை மாற்ற வேண்டுமே! அந்தப் பூங்காவிலேயே மிருகக்காட்சிசாலை இருக்கிறது. அதைக் காட்டி, எனக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொன்னேன்.

யுத்த காலத்தில், 1943-ல், குண்டு விழுந்து மிருகங்கள் தப்பி ஓடிவிட்டால் ஆபத்து என்று அங்கே பல மிருகங்களைக் கொன்றார்கள். மூன்று யானைகளைப் பட்டினி போட்டே சாகவிட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகு, யானையையே பார்த்திராத டோக்கியோக் குழந்தைகள் பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் 1949-ல் ஒரு யானையை அனுப்பி, அதற்குத் தம் மகளின் பெயரான 'இந்திரா' என்பதையே வைத்தார். அந்த யானை மைசூர் யானை! அதற்குத் தெரிந்த பாஷை கன்னடம். கூடப்போன நம் பாகர்களிடம் ஜப்பானியப் பாகர்கள் கன்னட வார்த்தைகளைக் கற்றுக்கொண்ட பிறகே யானை அவர்கள் சொல் கேட்டதாம். 1983 வரையில் அங்கேதான் இருந்தது.

அண்ணி முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "1983-லயா? உங்க அண்ணன் வந்த வருஷமாச்சே. ஓசூரிலேருந்து வந்த ஆள் 'பா'ன்னு கன்னடத்திலே கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருக்கும். அவருக்குத் தெரியாமப் போச்சு" என்றார். பிறகு எழுந்து, பக்கத்திலிருந்த இயந்திரத்தில் காசைப் போட்டார். டப்பா ஒன்று உருண்டு விழுந்தது. எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். சுட்டது.

"இது நிஜந்தான்" என்றார், யாரிடமோ சொல்வதைப்போல.

ஏப்ரல் 1-ம் தேதி டோக்கியோவிலிருந்து க்யோட்டோவுக்கு ரயில். 1964 முதல் ஓடுகிற அதிவேக ரயில் பாதை அது. பரிசோதகர் வந்தார், குனிந்து வணங்கினார். வெளியேறும்போது எங்கள் பக்கம் திரும்பி மறுபடியும் வணங்கினார். அண்ணி என் கையை அழுத்தினார். "ரெண்டு" என்றார்.

ஹமமாட்சு இதே பாதையில்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ரயில் அங்கே நிற்காது. அங்கே இறங்கிப் பார்க்க முடியுமா என்று முதல் நாளே கேட்டிருந்தேன். நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஊரில் எப்படி இறங்குவது? வழிகாட்டிப் பெண் மிகவும் வருந்தினாள். ஆனால் விஷயத்தைக் கேட்டுக்கொண்டவள் மறக்கவில்லை. பூஜி மலையைப் பார்த்துக் கூட்டம் ஆர்ப்பரித்து ஓய்ந்த பிறகு, சுமார் அரை மணியில் எங்கள் இருக்கைக்கு அருகில் வந்து மண்டியிட்டாள். "இப்பொழுது ஓர் ஆறு வரும். அதிலிருந்து ஒரு பெரிய ஏரி வரும் வரையில் ஹமமாட்சுதான்" என்றாள்.

டென்ரியூ ஆற்றுப் பாலத்தின்மீது ரயில் தடதடத்தது. பிறகு ஓட்டு வீடுகள், தொழிற்சாலைக் கூரைகள், சின்னச் சின்ன வயல்கள். ஸ்டேஷன் ஒரு கோடுபோலக் கடந்துபோயிற்று. நாலைந்து நிமிஷத்தில் ஏரி வந்துவிட்டது. தண்ணீர் பளபளத்தது.

அண்ணி ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைப் பதித்தபடியே இருந்தார். அழவில்லை. "மூணு மாசம் இங்கேயா இருந்தார்? சோறும் வாழைப்பழமுந்தான்னு கடுதாசி எழுதியிருந்தார். நான்கூட நம்பலை. இந்த ஊர்ல வேற என்னத்தைச் சாப்பிட்டிருக்க முடியும்?" என்றார். நாற்பத்தொரு வருஷத்துக்கு முந்திய பசியைப் பற்றி அவர் கவலைப்பட்டதைக் கேட்டு எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. வழிகாட்டிப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் அவள் எழுந்து, அண்ணியை ஆழமாகக் குனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

மறுநாள் க்யோட்டோவில் 'தத்துவஞானியின் பாதை' என்று சொல்லப்படும் கால்வாய்க்கரை. சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரம் கரையோரம் செர்ரி மரங்கள். எங்களுக்குக் கொடுத்த நேரம் நாற்பது நிமிஷம். சில மரங்கள் பாதி மலர்ந்திருந்தன, சில முக்கால்வாசி. வெள்ளை என்றும் சொல்ல முடியாது, ரோஜா நிறம் என்றும் சொல்ல முடியாது. வெந்நீரில் கழுவிய குழந்தையின் உள்ளங்கையைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த நிறம்.

அண்ணி ஒரு மரத்தடியில் உட்கார்ந்து மடியை விரித்து வைத்துக்கொண்டார். காற்று வீசியது. கிளை ஆடியது. ஒரு பூவாவது விழ வேண்டுமே! பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜப்பானியப் பாட்டி ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே என்னவோ சொன்னாள். வழிகாட்டிப் பெண் மொழிபெயர்த்தாள்: புதிதாக மலர்ந்த பூ எந்தக் காற்றுக்கும் உதிராதாம், உதிர இன்னும் ஒரு வாரம் ஆகுமாம்.

ஒரு வாரத்தில் நாங்கள் ஓசூரில் இருப்போம்.

"பரவாயில்லை. அவர் பார்த்தது இது போற நேரத்தை. நான் பார்க்கிறது வர்ற நேரத்தை. ரெண்டையும் ஒருத்தரே பார்க்கணும்னு இருக்கா?" என்றார் அண்ணி.

கொடி உயர்ந்தது. கூட்டம் நகர்ந்தது. அண்ணி எழுந்திருக்கவில்லை. "வாங்க அண்ணி, நேரமாச்சு" என்றேன். "கொஞ்சம் இருக்கட்டும்" என்றார். மாமனாருக்கு ஆறு மணிக் காப்பி, கணவருக்கு ஏழு மணி ஷிப்டுச் சாப்பாடு, குழந்தைகளுக்கு எட்டரை மணிப் பள்ளிக்கூடம் என்று ஆயுசு முழுவதும் கடிகாரத்தோடு ஓடியவர். யாரையும் ஒரு நிமிஷங்கூடக் காக்க வைத்தறியாதவர். அன்றைக்கு முப்பது பேரையும் ஒரு பஸ்ஸையும் பத்து நிமிஷம் காக்க வைத்தார். பஸ்ஸில் ஏறியதும், சண்டை போட்டாரே அந்தப் பெங்களூர்க்காரர், அவர்தான் எழுந்து அண்ணிக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார்.

வந்த பிறகு ஒன்று யோசித்தேன். அந்த மரம் தின்னும்படியான பழம் ஒன்றும் தருவதில்லை. வெறும் பூவுக்காக ஒரு தேசமே பாயைச் சுருட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போகிறது. நம் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தை மாதம் மாந்தோப்பெல்லாம் பூத்துக் குலுங்குகிறது. நாமும் அண்ணாந்து பார்க்கிறோம். 'இந்த வருஷம் எத்தனை டன் தேறும்?' என்று பார்க்கிறோம். வியாபாரி வந்து பூவைப் பார்த்தே குத்தகை பேசுகிறார். அதுவும் வேண்டியதுதான். பிழைப்பு அல்லவா? ஆனால் பூவைப் பூவாக யார் பார்த்தார்கள்?

அண்ணி பார்த்தார். அடுத்த தை மாதம் ஒரு காலையில் புளியோதரையைக் கட்டிக்கொண்டு, பாயையும் எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி ரோட்டில் தெரிந்தவர்கள் தோப்புக்குப் போனார். காவல்காரர் ஓடி வந்து, "யாரைப் பார்க்கணும்மா?" என்று கேட்டார்.

"பூவைத்தான்" என்றார் அண்ணி.

அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மாம்பூவின் வாசனை தோப்பை நிறைத்திருந்தது. டிபன் டப்பாவைத் திறந்ததும் மேலேயிருந்து பொடிப்பொடியாகப் பூ உதிர ஆரம்பித்தது. புளியோதரை நிறைய மாம்பூ. நான் தட்டிவிடப் போனேன்.

"இருக்கட்டும், விடு" என்றார் அண்ணி.