அப்பாவின் முறை

வாளா அமர்ந்திருக்கும் வேளைகளில் அப்பாவின் வலக்கைப் பெருவிரல் சுட்டுவிரலின்மேல் ஓயாது உருண்டுகொண்டிருக்கும். மருத்துவ நூல்கள் இதனை மாத்திரை உருட்டும் நடுக்கம் என்று வழங்குகின்றன. மருந்தைக் கையாலேயே உருட்டித் தந்த காலத்துப் பெயர் அது. எங்களுக்கோ அதனைக் காணுந்தோறும், ஊர்த் திண்ணையில் அமர்ந்து தாயக்கட்டையை உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்துத் தேய்த்து, தாயம் விழுமா விழாதா என்று சுற்றியிருப்போரையெல்லாம் தவிக்கவிட்டு உருட்டும் பழைய அப்பாவின் கைதான் நினைவுக்கு வரும். வியப்பு என்னவெனில், அதே கையில் மெய்யாகவே ஒரு கட்டையைக் கொடுத்துவிட்டால் நடுக்கம் அடங்கிவிடுகிறது. ஓய்ந்திருக்கையில் தோன்றி, செயலில் இறங்கியதும் தணிவது இந்நோயின் நடுக்கத்துக்கு இயல்பு என்று பின்னர் அறிந்தோம்.

அப்பா 1970இல், தம் இருபத்து நான்காம் அகவையில், நடுவண் அரசுப் பணி ஏற்றுத் தில்லிக்கு வந்தவர். கிராண்ட் டிரங்க் வண்டியில் ஒரு தகரப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருட்டுமாக வந்து இறங்கினார். மயிலாடுதுறைப் பக்கத்துச் சிற்றூரையும் அதன் கிணற்றையும் தென்னையையும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டே முப்பத்தாறு ஆண்டுகள் கோப்புகளைப் பார்த்து ஓய்வு பெற்றார். நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒரு பெரியவர் இருப்பார். நாங்கள் என்று இங்கே எழுதுவது அவருடைய மகனும் மருமகளுமாகிய இருவர்.

2015இல் நோய்க்குப் பெயர் சொன்னார்கள். நம் நாட்டு வைத்தியர் நடுக்குவாதம் என்பது. ஆங்கில மருத்துவம் பார்க்கின்சன் நோய் என்பது. நடுமூளையில் கரிய நிறம் படிந்த ஒரு சிறு பகுதியில் உள்ள உயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. அவை சுரக்கும் டோபமின் என்னும் பொருள் குறைகிறது. அதனால் அசைவு மந்தமாகிறது, தசை இறுகுகிறது, நடை தயங்குகிறது. இவ்வளவும் மருத்துவர் சொன்னார். நடுக்கத்தைத் தவிர வேறெதையும் நாங்கள் அன்று மனத்தில் வாங்கவில்லை.

ஆனால் நடுக்கம் எங்களைத் துன்புறுத்தியதைவிட வேறு இரண்டு துன்புறுத்தின. ஒன்று, முகம். சிரிப்பும் சினமும் ஏறி இறங்கிய அந்த முகம் அசையாத பொம்மை முகமாயிற்று. மற்றொன்று, மறுமொழி. ஒன்று கேட்டால் விடை வருவதற்குள் நாங்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். கையெழுத்தும் சுருங்கிச் சுருங்கி எறும்பு வரிசையாயிற்று. ஒரு வங்கியில் அதனை ஏற்க மறுத்து, விரல்ரேகை வைக்கச் சொன்னார்கள். முத்துமுத்தாகக் குறிப்பு எழுதிய மனிதர் மைப்பெட்டியில் விரல் தோய்த்ததைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்று மாலையே வரவுசெலவை எங்கள் கைக்கு மாற்றிக்கொண்டோம். அதன்பின் எதையும் அவரிடம் கேட்பது நின்றுபோயிற்று. அவர் எதிரிலேயே அவரைப்பற்றிப் பேசும் வழக்கமும் வந்தது. நவம்பர்தோறும் ஓய்வூதியர் உயிரோடிருப்பதற்குச் சான்று கேட்கிறது அரசு. வீட்டில் நாங்கள் அதைக்கூடக் கேட்டோமில்லை.

இந்நோயை முதன்முதல் விரிவாக எழுதியவர் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். 1817இல் அவர் எழுதிய சிறு நூல் ஆறே ஆறு நோயாளரை வைத்து எழுந்தது. அவருள் சிலரைத் தெருவில் கண்டதுதான். நோயாளரின் புலனுக்கும் அறிவுக்கும் கேடில்லை என்று அதில் எழுதிவிட்டார். பிற்கால மருத்துவர்கள் அதனைத் திருத்தினர். திட்டமிடுதல், பலவற்றை ஒருசேர மனத்தில் நிறுத்துதல், ஒரு முறையினின்று மறுமுறைக்கு மனத்தைத் திருப்புதல் ஆகியவை பலருக்கு இடர்ப்படுகின்றன. சிலருக்கு, காலம் செல்லச்செல்ல, அறிவுத்தேய்வும் வருகிறது. தெருவில் கண்டவரோடு அம்மருத்துவர் அமர்ந்து ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்திருந்தால் ஒருவேளை அவ்வரியை மாற்றி எழுதியிருப்பார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு என்ன தகுதி? அறிவுக்குக் கேடே இல்லை என்றார் அவர். அறிவே போயிற்று என்று முடிவு கட்டினோம் நாங்கள்.

மூளைக்கு வேலை கொடுங்கள் என்று மருத்துவர் சொன்னதும் நாங்கள் முதலில் நாடியது கைப்பேசியைத்தான். வண்ணவண்ணக் கட்டங்கள் மின்னி மறையும். மறையுமுன் தொட வேண்டும். அப்பாவின் விரல் கண்ணாடியைச் சென்று சேருமுன் கட்டம் மறைந்துவிடும். சேர்ந்தாலோ நடுங்கி இருமுறை தொடும். ஒவ்வொரு முறையும் ஒரு பொம்மை உதட்டைப் பிதுக்கி அழும். நான்காம் நாள் அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். கடிகாரத்தை வைத்து ஓட்டும் ஆட்டம் இந்நோயாளரிடம் அளப்பது கையின் வேகத்தை; மனத்தை அது எட்டுவதேயில்லை. எங்களுக்கு இது விளங்க நாளாயிற்று.

பல்லாங்குழி வந்தது தற்செயலாக. ஒரு புரட்டாசியில் கொலுப் பொம்மைகளுக்காகப் பரணில் ஏறியபோது, அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த மடிப்புப் பலகை கிடைத்தது. அம்மா மறைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன, புளியங்கொட்டைகள் உளுத்துப்போயிருந்தன. எங்கள் மகள் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் இராஜ்மா கொண்டுவந்தாள். தில்லிவாசம் எங்களுக்குத் தந்த நன்மைகளுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம். புளியங்கொட்டையைப்போல் வழுக்காமல், இறுகிய விரலுக்கும் பிடிகொடுக்கிறது அந்தப் பருத்த பயறு. பயறு என்றதும் இன்னொரு செய்தி. அப்பா உண்ணும் மாத்திரையின் உயிரான லெவோடோபா, நம் வேலியோரத்துப் பூனைக்காலி விதையிலும் உண்டு. 1937இல் சென்னையில் தாமோதரனும் இராமசாமியும் அதனைப் பிரித்தெடுத்துக் காட்டினர். அது நடுக்குவாதத்துக்கு மருந்தாகப் பயன்பட்டது அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே. இதைப் படித்துவிட்டு யாரும் விதையை அரைத்துக் குடிக்கக் கிளம்பிவிட வேண்டா. அளவு பிறழ்ந்தால் மருந்தும் பகையே.

ஆட்டத்தை அறியாத இளையோருக்காகச் சுருங்கச் சொல்வோம். பக்கத்துக்கு ஏழு குழி. எங்கள் வழக்கில் குழிக்கு ஐந்து காய், ஆக 70. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு செல்ல வேண்டும். கைக்காய் தீர்ந்தால் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அது வெறுங்குழியானால் அதனைத் தடவிவிட்டு, அதற்கடுத்ததில் உள்ளதெல்லாம் நமக்கு. நான்கு காய் சேர்ந்த குழி பசு. குழிக்கு உடையவர் அதை எடுத்துக்கொள்வார். பார்வைக்கு எளிது. ஆனால் எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே வெறுங்குழி வாய்க்கும் என்று முன்னோக்கி எண்ணுவதற்கு, மாறிக்கொண்டே இருக்கும் பதினான்கு தொகைகளை மனத்தில் தாங்க வேண்டும். இந்நோய் தாக்குவது அந்த ஆற்றலைத்தான்.

முதல் நாள், ஒரு குழியை அள்ள அப்பாவுக்கு நெடுநேரம் ஆயிற்று. "தாத்தா, இதை எடுங்க" என்று மகள் அவர் கையைப் பிடித்து ஒரு குழியில் வைத்தாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். மீண்டும் காத்திருந்து, வேறு குழியை அள்ளினார். கடைசிக் காய் விழுந்த இடத்துக்கு அடுத்தது வெறுங்குழி. அதற்கப்பால் ஒன்பது காய்கள்.

அதன்பின் நாள்தோறும் ஆட்டம் நடந்தது. காலை மாத்திரை வேலை செய்யும் பதினொரு மணியே ஏற்ற நேரம் எனக் கண்டோம். பருப்பும் பாலும் மிகுந்த உணவோடு சேர்ந்தால் அம்மருந்து உடலில் ஏறுவது குறையும் என்பதால், சிற்றுண்டியையும் சற்றுத் தள்ளிவைத்தோம். எல்லாம் நலமாயிற்று என்று எழுத மாட்டோம். ஒருநாள் மகள், காய்களை எதிர்ப்புறமாகச் சுற்றிப் போடலாம் என்று முறையை மாற்றினாள். அப்பா "சரி" என்றார். ஆனால் கை பழைய திசையிலேயே சென்றது. மூன்று முறை திருத்தினோம். மூன்று முறையும் அப்படியே. மனம் தடம் மாற மறுக்கும் அந்த இடத்தை அன்று கண்ணால் கண்டோம். அவரும் கண்டார்போலும், அன்று பலகையைத் தாமே மடித்தார்.

மற்றொரு நாள், தாத்தா சோர்ந்திருக்கிறாரே என்று மகள் வேண்டுமென்றே தப்பாக ஆடினாள். அவர் காயைக் கீழே வைத்துவிட்டார். "எனக்காகத் தோற்காதே அம்மா" என்றார். அக்குரல் தாழ்ந்து, காதருகில் கேட்டால்தான் விளங்குவது. அது அறை முழுதும் கேட்டதுபோல் இருந்தது எங்களுக்கு.

ஊர் வீட்டு நிகழ்ச்சி அந்த மார்கழியில் நடந்தது. ஊரில் இருந்த பங்கை விற்றுவிட உடன்பிறந்தாரோடு தொலைபேசியில் பேசி முடித்திருந்தோம். அப்பா பக்கத்திலேதான் இருந்தார், கேட்கவில்லை நாங்கள். இரண்டு வாரம் கழித்து, ஆட்டத்தின் நடுவே, கையில் காயை ஏந்தியபடி அவர் சொன்னார்: "கொல்லைக் கிணற்றுக்கு வழி விட்டு எழுதச் சொல். சித்தப்பா வீட்டுக்கு வேறு தண்ணீர் இல்லை." சொல்லிவிட்டுக் காயைப் போட்டார். வரைவுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். வழியைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. இரண்டு வாரமாக அவர் அதனைச் சொல்ல முயன்றுகொண்டிருந்தாரா, சொல்லத் தொடங்கியபோதெல்லாம் நாங்கள் எழுந்து போய்விட்டோமா? கேட்டதற்கு அவர் விடை சொல்லவில்லை. பத்திரம் மாற்றி எழுதப்பட்டது. எழுதுமுன் ஒவ்வொரு பிரிவையும் அவருக்குப் படித்துக் காட்டினோம். அதற்கு மூன்று நாள் ஆயிற்று.

ஆட்டம் நோயைத் தீர்க்குமா என்று சங்கத்து அன்பர்கள் கேட்கிறார்கள். தீர்க்காது. அறிவுத்திறன் குறைந்த பார்க்கின்சன் நோயாளருக்கான மனப்பயிற்சிகளைப் பற்றி அதுவரை நடந்த ஏழு ஆய்வுகளை, 225 பேரைப் பற்றியவற்றை, ஒன்றாக ஆராய்ந்து 2020இல் காக்ரேன் அறிக்கை ஒன்று வந்தது. குறிப்பிடத்தக்க முன்னேற்றம் உண்டென்பதற்கு உறுதியான சான்று அதில் கிட்டவில்லை. விளையாடுகையில் மூளையில் டோபமின் மிகுவதை 1998இல் இலண்டனில் படம்பிடித்துக் காட்டியது உண்மை. ஆனால் அது நோயற்றோரிடம் கண்டது. பல்லாங்குழி ஆடுபவர் பல்லாங்குழியில் தேர்ச்சி பெறுவார். வங்கிக் கணக்கிலும் தேர்ச்சி பெறுவார் என்று உறுதி கூற இயலாது. எனவே எவரும் ஆட்டத்தை நம்பி மருந்தையும் நடைப்பயிற்சியையும் கைவிட்டுவிட வேண்டா.

மருத்துவர் இன்னொன்றும் கேட்டார்: "காசு வைத்து ஆடுகிறாரா?" நாங்கள் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. இந்நோய்க்குத் தரும் மாத்திரைகளுள் சில வகை, சிலருக்குச் சூதில் அடங்கா வேட்கையை உண்டாக்குமாம். சேமிப்பையெல்லாம் இழந்த பின்னரே வீட்டார் அறிவதும் உண்டாம். அப்படி ஏதும் தோன்றினால் மறைக்காமல் சொல்லும்படி பணித்தார். எங்கள் வீட்டில் பந்தயம் இராஜ்மாதான் என்றோம். ஞாயிற்றுக்கிழமை அதுவும் குழம்பாகிவிடுகிறது.

இதனை எழுதும் இன்று தில்லியில் பனி விலகி, மொட்டைமாடியில் வெயில் விழுந்திருக்கிறது. பாயை விரித்து, அப்பாவுக்கு முதுகில் தலையணை கொடுத்திருக்கிறோம். மகள் தன் ஆட்டத்தை முடித்துக் கைகளை மடியில் கட்டிக்கொண்டாள். அவர் பலகையைப் பார்க்கிறார். பெருவிரல் உருண்டுகொண்டிருக்கிறது. மாடிச்சுவரின் நிழல் பாயின் விளிம்பைத் தொட்டு, குழிகளை நோக்கி நகர்ந்தது. பாயோடு இருவரையும் வெயிலுக்கு இழுத்துவிடலாமா என்று எழுந்தோம். அவர் இடக்கையை உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினார். எண்ணிக்கொண்டிருக்கிறார்.