காலனிப் பாதைக்கு எந்த மாடல்?

தோழர்களே, 2023-ல் அமைப்புக்கு வண்டி பார்க்கப் போனோம். ஷோரூம்காரர் டச் ஸ்கிரீனைக் காட்டினார். நாங்கள் டிஃபரென்ஷியலைக் கேட்டோம்.

தார்ச்சாலை ஊரோடு நின்றுவிடும். காலனிக்கு மண்பாதைதான். ஆஃப்-ரோடு என்று விளம்பரத்தில் சாகசமாகக் காட்டுவது நமக்குத் தினசரி வழி. சேற்றில் ஒரு பின்சக்கரம் வெறுமனே சுழன்றால் இழுவை முழுக்க அதிலேயே வீணாகும், மற்றது அசையாது. முந்தைய மழையில் பழைய வண்டி அப்படித்தான் நின்றது. பிரசவ வலியில் இருந்த அக்காவைக் கட்டிலோடு தூக்கி வந்தோம்.

இரு சக்கரத்தையும் பூட்டிச் சுழற்றும் லாக் பொலேரோ நியோவில் உச்ச மாடலான என்10 (ஓ)-வில் மட்டுமே இருந்தது. தாரில் நான்கு சக்கர இயக்கமே உண்டு, ஆனால் நாலு பேர்தான் உட்காரலாம்.

“என்8 போதும், மிச்சத்தில் டீசல் போடலாம்” என்றார் ஒரு தோழர். நியாயம்தான். ஆனாலும் என்10 (ஓ)-வுக்கே முன்பணம் கட்டினோம்.