மங்கலான பழுப்பு

குயிலாப்பாளையத்திலிருந்து புதுச்சேரிக்குப் போய் ஒரு நோய்க்குறியியல் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மார்பகப் புற்றுநோய்க் கட்டியை மெழுகில் பதித்து, மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவி, ஹெர்-2 எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சாயம் ஏற்றுவது என் பங்கு. முடிவு சொல்வது டாக்டர். “எந்த மருந்து கேக்கும்னு கட்டியைப் பாத்தே சொல்லிடுவீங்களாமே தம்பி?” என்று ஊரில் கேட்பார்கள். சொல்லலாம்தான். கட்டி அதற்குத் தோதான நிலையில் வந்து சேர வேண்டுமே!

ஹெர்-2 மார்பகச் செல்லின் சவ்வில் இயல்பாகவே கொஞ்சம் இருக்கும் புரதம். 17ஆம் குரோமோசோமில் உள்ள அதன் மரபணு சில கட்டிகளில் பல மடங்கு பெருகிவிடும். புரதமும் சவ்வெங்கும் நிறைந்துவிடும். இத்தகைய கட்டிகள் சீக்கிரம் திரும்பி வருகின்றன என்று ஆய்வாளர் டென்னிஸ் ஸ்லேமன் குழு 1987இல் காட்டியது. ஹெர்-2ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சாயம் நன்றாக ஏறினால் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் அழுத்தமான பழுப்புக் கோடு தெரியும். பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில் அப்படி முழுசாகச் சூழ்ந்திருந்தால் மதிப்பெண் 3+. அதில் யாருக்கும் சந்தேகம் வராது. கோடு சற்று மங்கலாகி 2+ என்றால் மரபணுவையே எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் சோதனைக்குப் போகும். முன்பெல்லாம் 1+, 0 இரண்டையும் ‘நெகட்டிவ்’ என்று சொல்லி நகர்ந்துவிடுவோம்.

ஸ்லைடு கழுவும் கரைசலில் லிட்டருக்கு 8 கிராம் உப்பு சேர்க்க வேண்டும். எங்கள் பக்கத்து மரக்காணம் உப்பளத்து உப்பையே கொண்டு வரக் கூடாதா என்று கூடத்தில் என்னைக் கேலி செய்வார்கள். கூடாது, கடலுப்பில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் கரைசலின் பாஸ்பேட்டோடு சேர்ந்து வண்டலாகிவிடும்.

உப்பை நாங்கள் பார்த்துக்கொள்வோம். எங்கள் கையில் இல்லாதது, திசுவைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலின். வெட்டியெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் கட்டி அதில் இறங்கியாக வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்தைத் தாண்டாமல் ஊற வேண்டும். முழு மார்பகத்தைக் கீறாமல் அப்படியே டப்பாவில் போட்டு அனுப்பினால், வெளிப்பக்கம் பதமாகும். ஃபார்மலின் உள்ளே போய்ச் சேருவதற்குள் நடுவிலுள்ள கட்டி கெட்டுவிடும். சனிக்கிழமை சாயங்காலம் சிறு மருத்துவமனைகளில் வெட்டியவை திங்கட்கிழமை உறவுக்காரர் கையில் பஸ்ஸில் வருகின்றன. சிலவற்றைத் திறந்தால் ஃபார்மலின் வாடையே இருக்காது, வெறும் சலைன்.

2022 வரை இதை ஓரளவு சமாளிக்க முடிந்தது. கொஞ்சம் கெட்டிருந்தாலும் 3+ பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். அந்த ஆண்டு டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் மருந்து, பரவிவிட்ட நோயில் 1+ காரர்களுக்கும், ஃபிஷ் நெகட்டிவான 2+ காரர்களுக்கும் பலன் தருகிறது என்று தெரியவந்தது. நாங்கள் ஒதுக்கிய மங்கலான பழுப்பு ஒரே நாளில் மருந்துச்சீட்டாகிவிட்டது. ஃபார்மலின் தாமதமானால் முதலில் அழிவதும் அந்த மங்கல்தான். பழைய மெழுகு பிளாக்குகளை எடுத்துப் புதிதாகச் சீவிச் சாயம் ஏற்றச் சொல்லி இப்போது கேட்கிறார்கள். என்றோ சீவி வைத்த ஸ்லைடு உதவாது, வாரக்கணக்கில் அதிலுள்ள புரதம் மங்கிப் போயிருக்கும். பிளாக் தாங்கும், முதல் நாள் ஒழுங்காகப் பதமாகியிருந்தால்.

0வா 1+ஆ என்பதில் தேர்ந்த டாக்டர்கள் இருவர்கூட ஒத்துப்போகாத ஸ்லைடுகள் உண்டு. அப்போது என்னிடம் வருவார்கள்: “எத்தனை மணிக்கு வெட்டினாங்க, எத்தனை மணிக்கு ஃபார்மலின்ல போட்டாங்க?” படிவத்தைப் புரட்டிக் காட்டுவேன். அந்தக் கட்டத்தை அனேகமாக யாரும் நிரப்பியிருக்க மாட்டார்கள்.